பாலில்லாப் பனிக்கூழ்

வகுப்பில் பிறந்தநாள் கொண்டாடும்பொழுது பனிக்கூழ்க் கிண்ணங்கள் கைமாறி வரும். எல்லாரும் ஆவலுடன் வாங்க, ஒருவர் மட்டும் தம் கிண்ணத்தை அருகிலுள்ளவரிடம் நகர்த்திவிடுவார். அதைச் சிலர் பிணக்கு என்பர். சிலர் பத்தியம் என்பர். காரணம் பெரும்பாலும் பாலே.

பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை உள்ளது. அதனைச் செரிக்கச் செய்யும் லாக்டேஸ் என்னும் நொதி நம் சிறுகுடலில் உண்டாகிறது. வளர வளரப் பலருக்கு அந்நொதி குறைந்துவிடும். அவர்கள் பால் பருகினால் வயிறு உப்பும், வலிக்கும், கழிச்சலும் ஆகும். வேறு சிலருக்குப் பாலிலுள்ள புரதமே ஒவ்வாது. அத்தகையோர் சிறிதளவு உண்டாலும் உடலில் தடிப்போ மூச்சுத்திணறலோ ஏற்படக்கூடும். ஆதலின், "ஒரு கரண்டிதானே!" என்று அவர்களை வற்புறுத்தலாகாது.

கடையில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என அச்சிட்ட பெட்டியைக் கண்டு, அது பாலற்றது என்று எண்ணுவோர் உளர். நம் நாட்டில், பால்கொழுப்புக்கு மாற்றாகத் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்த பண்டமும் அப்பெயரில் விற்கப்படுகிறது. கொழுப்பு மாறினாலும் பால் திடப்பொருள் அதில் இருக்கலாம். பெட்டியின் பின்புறமுள்ள மூலப்பொருள் பட்டியலையும் ஒவ்வாமைக் குறிப்பையும் படித்த பின்னரே அதை வாங்க வேண்டும். வீட்டிலேயே செய்துகொண்டால் இந்த ஐயத்திற்கு இடமில்லை.

பால் சேராமல் பனிக்கூழ் வழவழப்பாக இருக்குமா? இருக்கும்; ஆனால் எல்லாப் பழமும் அதற்கு உதவாது. தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர். உறையவைத்தால் அது பனிக்கட்டிச் சில்லுகளாகிப் பல்லைக் கூசச்செய்யும். வாழைப்பழத்தில் ஏறத்தாழ 75 பங்குதான் நீர். எஞ்சியவற்றில் சர்க்கரையும் பெக்டின் என்னும் பிசுபிசுப்புப் பொருளும் உள்ளன. சர்க்கரை கலந்த நீர் 0 பாகையில் முழுவதும் உறைவதில்லை. பெக்டினோ பனித்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்காமல் தடுக்கிறது. பால்கொழுப்பு செய்யும் வேலையை இங்கு வாழைப்பழமே செய்துவிடுகிறது.

திண்டுக்கல் மலைப்பகுதியின் விருப்பாச்சி வாழை இங்கே கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டா. வடமாநிலச் சந்தைகளில் டஜன் கணக்கில் விற்கும் நீண்ட வாழைப்பழமே போதும். தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாகப் பார்த்து வாங்குக. குளிர்ந்த பண்டத்தில் நாவுக்கு இனிப்புக் குறைவாகவே தோன்றும். எனவே நன்கு கனிந்த பழமே ஏற்றது. சர்க்கரை தனியே சேர்க்கத் தேவையில்லை.

மூன்று பழங்களைத் தோலுரித்து வில்லைகளாக நறுக்குக. தோலோடு உறையவைத்தால் அது கறுத்து ஒட்டிக்கொள்ளும். பிறகு உரிப்பது பெரும்பாடு. ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச்சாற்றைத் தெளித்தால் நிறம் மாறாது. வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவாறு தட்டில் பரப்பி, எட்டு மணிநேரம் உறையவைக்கவும். ஜூன் மாதமாயின், லக்னோவை அடுத்த மலிஹாபாத்தின் தசேரி மாம்பழம் இரண்டை நறுக்கி உடன் வைக்கலாம். தசேரியில் நார் குறைவு; ஆதலால் கூழ் மழமழவென்று வரும்.

உறைந்த துண்டுகளை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் கழித்து மிக்ஸியில் இட்டு, விட்டுவிட்டு அரைக்க வேண்டும். முதலில் அவை புட்டுமாவு போல உதிர்ந்து நிற்கும். கெட்டுவிட்டதோ என்று தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். மிக்ஸியை நிறுத்தி, இணைப்பைக் கழற்றி, ஓரங்களை வழித்துவிட்டு மீண்டும் அரைத்தால் திடீரெனக் கூழாகத் திரளும். கெட்டியான தேங்காய்ப்பால் நான்கு கரண்டி சேர்த்தால் சுவை கூடும். தேங்காய்ப்பால் பெயரளவில் மட்டுமே பால். கள்ளிப்பால், எருக்கம்பால் என்று செடியில் வடிவதையும் பால் என்பது நம் மொழி வழக்கு.

முன்பு பால் அரைத்த பாத்திரமாயின் அதனை நன்கு கழுவிய பின்னரே பயன்படுத்துக. முந்திரி தூவ விரும்பினால், அதுவும் உண்பவருக்கு ஒவ்வுமா என்று கேட்டறிக. நால்வருக்குப் போதுமான இக்கூழை அரைத்தவுடன் உண்பதே நன்று. மீண்டும் உறையவைத்தால் கல்லாகிவிடும்; அப்பொழுது பத்து நிமிடம் வெளியே வைத்து உண்ணலாம்.

பயிற்சி

1. பொருள் அறிக: பிணக்கு – மனத்தாங்கல், கழிச்சல் – வயிற்றுப்போக்கு, திரளும் – ஒன்றுசேரும்.

2. பிரித்து எழுதுக: பாலில்லா, பனிக்கூழ், தேங்காய்ப்பால்.

3. 'பாலில்லாப் பனிக்கூழ்' – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகும். இதுபோல் மூன்று தொடர்கள் எழுதுக.

4. தர்பூசணி இதற்கு ஏற்றதன்று. ஏன்?

5. பால் ஒவ்வாத நண்பர் ஒருவருக்கு இச்செய்முறையை எட்டு வரிகளில் கடிதமாக எழுதுக.