கணிப்பொறியின் வாயில்கள்

பாலாற்றங்கரையில், பட்டு நெசவுக்குப் புகழ்பெற்ற காஞ்சிபுரத்தை அடுத்து அமைந்துள்ளது வாலாஜாபாத். அப்பக்கத்துத் தறிகளைக் கண்டோர், தறியின் மேல் தொங்கும் துளையட்டைகளை மறந்திரார். அட்டையில் துளை இருப்பின் கொக்கி மேலெழுந்து பாவு இழையைத் தூக்கும். துளை இல்லையேல் இழை அசையாது. ‘தூக்கு’, ‘தூக்காதே’ என்னும் இரண்டே கட்டளைகளால் மயிலும் மாங்காயும் புடவையில் உருப்பெறுகின்றன. இம்முறையைப் பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் செப்பமுறச் செய்தார்.

மாணவர்களே! கணிப்பொறி அறிந்த கட்டளைகளும் இவ்விரண்டே. அதன் உள்ளே நிகழும் கணக்கு வெளியுலகில் செயலாக மாறும் இடத்தை வாயில் என்கிறோம். ‘போர்ட்’ என்பதும் அதுவே. முன்னாளில் அச்சுப்பொறியை இணைப்பதற்கென்று கணிப்பொறியின் பின்புறம் இருபத்தைந்து முனைகளையுடைய இணைவாயில் ஒன்று இருந்தது. அதில் எட்டு முனைகள் செய்தியைச் சுமந்தன. எண் 1 அனுப்பினால் முதல் முனையில் மட்டும் ஏறக்குறைய 5 வோல்ட்டு மின்னழுத்தம் தோன்றும். 2 அனுப்பினால் இரண்டாவதில் மட்டும். 3 அனுப்பினால் இரண்டிலும். 255 அனுப்பினால் எட்டிலும் தோன்றும். வேறு சில முனைகள் வெளியிலிருந்து வரும் செய்தியை உள்ளே கொண்டுசென்றன. ஆகவே, கணிப்பொறிக்குக் கையும் கண்ணும் வாய்த்தன எனலாம்.

இதன் பயனை ஒரு சோதனையால் அறிவோம். 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் இரும்புக் குண்டு தரையை அடைய ஏறத்தாழ 0.25 நொடி ஆகும். அதனை நிறுத்துகடிகாரத்தால் அளப்பவர் கை 0.1 நொடி தாமதித்து, 0.35 எனக் குறித்தால், 9.8 என வரவேண்டிய புவியீர்ப்பு முடுக்கம் 4.9 ஆகிவிடும். உண்மையில் பாதி போயிற்று! இது மாணவனின் சோம்பலன்று. மனிதக் கையின் எல்லை.

கணிப்பொறியோ குண்டைப் பிடித்திருக்கும் மின்காந்தத்தின் மின்னோட்டத்தைத் தானே நிறுத்துகிறது. குண்டு அடித்தட்டைத் தொட்டவுடன் அச்செய்தியைப் பெற்றுக் காலத்தைக் கணக்கிடுகிறது. மின்காந்தத்தை வாயிலோடு நேரே இணைத்தலாகாது. வாயில் தரவல்ல மின்னோட்டம் மிகச் சிறிது. இடையில் டிரான்சிஸ்டர் ஒன்று நின்று, சிறு கட்டளையால் பெரிய மின்னோட்டத்தை ஆளவேண்டும்.

இத்தகைய சோதனைகளை எளிய கல்லூரிகளும் பள்ளிகளும் செய்தற்கென, புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையம் 2004-ஆம் ஆண்டில் பீனிக்ஸ் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அறிவியலாளர் அஜித் குமார் அதனை முன்நின்று நடத்தினார். முதலில் இணைவாயிலே பயன்பட்டது. புதிய கணிப்பொறிகளில் அவ்வாயில் மறையவே, யு.எஸ்.பி. வாயிலில் பொருத்தும் சிறு கருவிகள் உருவாயின. எக்ஸ்ப்ஐஸ் அவற்றுள் ஒன்று. அவற்றின் அமைப்பும் நிரலும் யாவரும் கண்டு பயிலுமாறு வெளியிடப்பட்டன. விலைமிக்க கருவி வாங்க இயலாத காரணத்தால் ஒரு மாணவன் உண்மையை அளக்காமல் நின்றுவிடலாகாது என்பதே இம்முயற்சியின் உட்பொருள்.

எனினும் ஓர் எச்சரிக்கை. மின்னோட்டம் நின்ற கணத்திலேயே காந்தத்தின் பிடி முற்றும் விடுவதில்லை. குண்டு சிறிது தாமதித்தே கிளம்பும். கணிப்பொறி அத்தாமதத்தையும் சேர்த்தே எண்ணும். அது தான் கேட்கப்பட்ட வினாவிற்கு மட்டுமே விடை கூறும். உயரத்தைப் பலமுறை மாற்றி, கிடைத்த காலங்களை ஒப்பிட்டு, ஒளிந்திருக்கும் பிழையைக் கண்டுபிடித்தல் மாணவன் கடன்.

அட்டையின் துளைகள் இழையைத் தூக்கும். எந்த இழையைத் தூக்குவது என்று எண்ணியவன் நெசவாளன் அல்லனோ? அவ்வாறே வாயில் கட்டளையைச் சுமக்கும். சிந்தனை நம்முடையதாதல் வேண்டும்.