வாளைமீன் மரம் ஏறவில்லை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரிப்பு ஒரு வரி, கேள்வி ஒன்றரைப் பக்கம். “அணியிலக்கணம் முழுவதும் மனப்பாடம் மாமா, ஆனால் புதிதாக ஒரு பாட்டை நீட்டினால் ஒன்றும் ஓடவில்லை” என்கிறாய். ஓடாதுதான். தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என்று எண்ணி வைத்தது. மாறனலங்காரம் அதை 64 ஆக்கியது. இத்தனை பெயர்களையும் சுமந்துகொண்டு பாட்டுக்குள் நுழைந்தால் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

நீ செய்கிற காரியம் எனக்குத் தெரியும். பென்சிலை எடுத்து ‘போல’ எங்கே என்று தேடுவாய். அகப்பட்டதும் ஓர் அடிக்கோடு, ஓரத்தில் ‘உவமை அணி’. முடிந்தது வேலை! மதிமுகம் என்றால் உவமை, முகமதி என்றால் உருவகம். இரண்டிலும் ‘போல’ எங்கே இருக்கிறது? அதைத் தேடுவதை விட்டுவிட்டு, யார் பேசுகிறார், யார் காதில் விழப் பேசுகிறார் என்று முதலில் கேள்.

குறுந்தொகை 8ஆம் பாட்டை எடு. ஆலங்குடி வங்கனார் பாடியது, ஆறே அடி. பேசுகிறவள் பரத்தை. தலைவி தன்னைத் தூற்றுவதாகக் கேள்விப்பட்டு, அவளைச் சேர்ந்தவர்கள் காதில் விழும்படி பதில் கொடுக்கிறாள். எங்கள் வீட்டில் தலைவன் பெரிய பேச்செல்லாம் பேசினான். தன் வீட்டிலோ, நாம் கையைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை மாதிரி, மகனைப் பெற்றவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான். இதுதான் செய்தி. கண்ணாடி உவமையை நீ பிடித்துவிடுவாய். பிடித்த கையோடு புத்தகத்தை மூடிவிடுவாயே, அதுதான் என் கவலை.

அவனுடைய ஊரை அவள் எப்படிச் சொல்கிறாள், கவனித்தாயா? வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்து விழும் கனியை வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊர். ‘இயற்கை வருணனை’ என்று எழுதிவிட்டு நீ தாண்டிப் போயிருப்பாய். கொஞ்சம் நில். வாளை மரம் ஏறவில்லை. பழம் தானாக விழுந்தது. ‘நான் ஒன்றும் அவனை மயக்கி இழுக்கவில்லை, அவனாகத்தான் வந்தான்’ என்கிறாள். அதை நேராகச் சொன்னால் தெருச் சண்டை. ஊர்ப்பெருமையாகச் சொன்னால் யார் என்ன கேட்க முடியும்? இதற்குத்தான் உள்ளுறை என்று பெயர். அப்புறம், ‘மனைவி’ என்ற சொல்லே வராமல் மகனின் தாய் என்று நிறுத்தினாளே, அந்தக் குத்தலுக்கும் ஓர் அணி தேடிப் பட்டியலைப் புரட்டாதே. உனக்குச் சுருக்கென்றதா? அது போதும்.

“புலவர் இவ்வளவும் யோசித்தாரா, நீங்களாகக் கதை கட்டுகிறீர்களா?” என்பாய். உன் அம்மாவும் இதையேதான் கேட்பாள். யோசித்தார்கள், அம்மா. தலைவி சொல்லும் உவமை அவள் அறிந்த பொருளிலிருந்தே வரவேண்டும், தோழி தன் நிலத்துக்கு வெளியே போகக் கூடாது என்றெல்லாம் தொல்காப்பியத்து உவமவியல் வரம்பு கட்டியிருக்கிறது. யார் வாயில் எது வரும் என்று இவ்வளவு கறாராகப் பார்த்தவர்கள், வாளைமீனைச் சும்மா கொண்டுவந்து போட்டிருப்பார்களா?

இதைப் படித்த மறுநாளே நீ எதிர்ப்பக்கம் சாய்வாய். பறக்கிற கொக்கு, படுத்திருக்கிற எருமை எல்லாவற்றையும் உள்ளுறை ஆக்குவாய். வேண்டாம். பேசுகிறவளின் நிலைமையோடு தானாகப் பொருந்தினால் எடுத்துக்கொள். இழுத்துக் கட்ட வேண்டியிருந்தால் அது வெறும் கொக்குதான்.

பரீட்சைக்கு அணியின் பெயர் வேண்டுமே என்கிறாயா? தாராளமாக எழுது, மதிப்பெண் வாங்கு. பாட்டு புரிந்த பிறகு எழுது என்றுதான் சொல்கிறேன்.

அடுத்த கடிதத்துக்கு முன் நற்றிணை 284ஐப் படி. பொருள் தேடிப் போன இடத்தில் ஒருவனை நெஞ்சு ஒரு பக்கமும் அறிவு ஒரு பக்கமும் இழுக்கின்றன. இரண்டு யானைகள் பற்றி இழுக்கும் தேய்ந்த கயிறு என்று ஓர் உவமை வரும். அந்த உவமையாலேயே புலவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயர். கயிறு எது, யானைகள் எவை, புதுக்கயிறாக இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று எழுதி அனுப்பு. முதல் வரியிலேயே ‘உவமை அணி’ என்று கண்டால் பதில் போட மாட்டேன், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
மாமா