ராலி ஓட்டுநர்களை உருவாக்குதல்: பின்லாந்தும் பிரான்சும் தரும் பாடம்

ஒரு நாட்டின் விளையாட்டு வளர்ச்சி இளைஞரின் இயல்பான ஆற்றலை மட்டும் பொறுத்ததன்று. அவ்வாற்றல் சோதிக்கப்படும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிட்டுகிறது என்பதையும் பொறுத்தது. கபடிக்கு ஒரு திடல் போதும். மோட்டார் ராலிக்குக் காரும், உதிரிப் பாகங்களும், டயர்களும், பழுது பார்க்கும் குழுவும் வேண்டும். எனவே இவ்விளையாட்டில் திறமைக்கு முன்னர் வசதியே சோதனைக்கு உள்ளாகிறது. இத்தடையை இரு நாடுகள் எவ்வாறு தளர்த்தின என்பதை ஆராய்வது பயனுடையது.

விளையாட்டின் தன்மை

வட்டப் பாதையில் நடைபெறும் பந்தயத்தில் பல கார்கள் ஒருங்கே ஓடுகின்றன. ராலியிலோ, போக்குவரத்து நிறுத்தப்பட்ட சாலைப் பகுதிகளில் கார்கள் குறித்த இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பப்படுகின்றன. எல்லாப் பகுதிகளையும் மிகக் குறைந்த மொத்த நேரத்தில் கடந்தவர் வெற்றி பெறுகிறார். போட்டிக்கு முன் ஓட்டுநர் பாதையை மெதுவாகச் சென்று பார்வையிட்டு, ஒவ்வொரு வளைவின் தன்மையையும் சொல்ல, இணை ஓட்டுநர் அதனை எழுதிக்கொள்கிறார். போட்டியின்போது அவர் அக்குறிப்புகளை உரக்கப் படிக்க, கண்ணுக்கு இன்னும் புலப்படாத வளைவை நோக்கி ஓட்டுநர் காரைச் செலுத்துகிறார். குறிப்பெழுதும் திறன், இருவரிடையே இசைவு, காரைச் சேதமின்றிக் கொண்டுவரும் நிதானம் ஆகியன பல ராலிகளில் கலந்துகொண்ட பின்னரே கைவருபவை. அதற்கு ஆண்டுகளும் பணமும் தேவை.

பின்லாந்து: விதியால் குறைந்த செலவு

பின்லாந்தின் மக்கள் தொகை சுமார் 55 லட்சமே. ஆயினும் 1981க்கும் 2023க்கும் இடையில் அந்நாட்டினர் எழுவர் பதினைந்து முறை உலக ராலிப் பட்டத்தை வென்றனர். சரளைச் சாலைகளும், குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளும் இயற்கை அளித்த பயிற்சிக் களங்கள் என்பது உண்மையே. ஆனால் இயற்கை மட்டும் காரணமன்று. 'எல்லோருக்குமான வகுப்பு' எனப் பொருள்படும் பெயரில் அங்கு எளிய பந்தயங்கள் நடைபெறுகின்றன. பழைய கார்கள் குறுகிய சரளைப் பாதைகளில் ஓடுகின்றன. பதினைந்து வயதினரும் பங்கேற்கலாம். இதில் ஒரு விதி கவனத்திற்குரியது. பந்தயம் முடிந்ததும், முன்னரே நிர்ணயிக்கப்பட்ட விலைக்கு எவரேனும் ஒரு காரைக் கேட்டால் உரிமையாளர் அதனை விற்றாக வேண்டும். அவ்விலைக்கு மேல் காரில் செலவிட்டவர் அச்செலவை இழக்க நேரிடும். ஆகவே செல்வர் தம் பணத்தால் முந்த இயலாது. கருவூலத்திலிருந்து மானியம் ஏதுமின்றி, ஒரு விதியே செலவைக் கட்டுக்குள் வைக்கிறது.

குடும்பப் பின்னணியின் பங்கையும் மறுப்பதற்கில்லை. கல்லே ரோவன்பெரா, உலகப் போட்டிகளில் கலந்துகொண்ட ஹாரி ரோவன்பெராவின் மகன். எட்டு வயதிலேயே காரோட்டிப் பழகினார். தாய்நாட்டில் வயது வரம்பு தடையாக இருந்தமையால் லாட்வியாவில் போட்டியிட்டு, 2016இல் அந்நாட்டுப் பட்டத்தை வென்றார். 2022இல், இருபத்திரண்டு வயது நிறைந்த மறுநாளே, உலகப் பட்டம் பெற்றார். அதுவரை மிக இளைய உலக வீரர் எனக் கருதப்பட்ட காலின் மக்ரே 1995இல் அப்பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது இருபத்தேழு.

பிரான்சு: திறந்த தேர்வு

பிரான்சின் மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு வேறு வழியை மேற்கொண்டது. 'இளைஞர் ராலி' என்னும் திட்டத்தின்கீழ், ஓட்டுநர் உரிமம் பெற்ற இளைஞர் சிறு கட்டணம் செலுத்தித் தேர்வில் கலந்துகொள்ளலாம். காரை அமைப்பாளர்களே தருகின்றனர். பல சுற்றுகளுக்குப் பின் வெல்பவருக்கு ஒரு பருவத்திற்கான போட்டி வாய்ப்பு பரிசாகிறது. பனிச்சறுக்குப் பயிற்றுநராக இருந்த செபாஸ்தியன் ஓஜியே 2005இல் இவ்வாறே தேர்வானார். 2008இல் இளையோர் உலகப் பட்டம் பெற்ற அவர், 2013 முதல் 2018 வரை தொடர்ந்து ஆறு முறை உலகப் பட்டத்தை வென்றார்.

இத்தேர்வு பிழையற்றது எனக் கொள்ளலாகாது. ஜிம்னாஸ்டிக் வீரராக இருந்த செபாஸ்தியன் லோப் 1995லும் 1996லும் இதில் கலந்துகொண்டும் பரிசு பெறவில்லை. அவரது வேகத்தைக் கண்ட ஆதரவாளர்கள் உதவ முன்வந்தனர். பின்னர் 2004 முதல் 2012 வரை தொடர்ந்து ஒன்பது முறை அவர் உலகப் பட்டம் வென்றார். தேர்வில் தோற்றவருக்கும் மறுவாய்ப்பு இருத்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது. இருவருமே இருபது வயதைக் கடந்த பின்னர் தேர்வுக்கு வந்தவர்கள் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. இளம்பருவப் பயிற்சி நன்று. ஆனால் அது ஒன்றே வழியன்று.

நம் நாட்டு நிலை

இந்தியாவிற்கு ராலி புதிதன்று. 1980இல் இமாலய ராலி தொடங்கியது. கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஆசிய-பசிபிக் பட்டத்தை வென்றார். 2019இல் அருச்சுனா விருது பெற்றார். ஆயினும் முதல் ஆசிய-பசிபிக் பட்டம் அவருக்கு முப்பது வயதைக் கடந்த பின்னரே கிட்டியது. டயர் நிறுவனங்களின் ஆதரவு சிலரை உயர்த்தியுள்ளது. ஆனால் தொழில் நிறுவனத்தின் ஆதரவு, ஏற்கெனவே வென்று காட்டியவரையே பெரும்பாலும் நாடுகிறது. வென்று காட்டுவதற்கான முதல் வாய்ப்பு யாரால் அளிக்கப்படும் என்பதே வினா.

பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நிதி போதாத நாட்டில் காரோட்டப் பொதுப்பணம் செலவிடலாமா என்று கேட்பது நியாயமே. மேற்கண்ட இரு நாடுகளின் அனுபவமும் அதற்கு விடை தருகிறது. தேவைப்படுவது பெருந்தொகையன்று, விலை வரம்புடைய எளிய வகுப்பு, அமைப்பாளரின் காரில் திறந்த தேர்வு, தோற்றவருக்கு மறுவாய்ப்பு, இணை ஓட்டுநருக்கும் பயிற்சி ஆகிய நான்கே. இவற்றைச் சங்கங்களும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து நிறைவேற்றலாம். மூடிய பாதை, தலைக்கவசம், மருத்துவ உதவி, பார்வையாளர் பாதுகாப்பு ஆகியவற்றில் மட்டும் எவ்விதச் சிக்கனமும் கூடாது.

வாயில் குறுகலாக இருக்கும்வரை உள்ளே வருபவர் வசதி படைத்தவராகவே இருப்பர். அதனை அகலப்படுத்திய பின்னரே நம் இளைஞரின் உண்மையான வேகம் எத்தகையது என்பது தெரியவரும்.