மூன்று நிறப் பூனை ஓர் இனமல்ல

அன்புள்ள கயல்விழி,

வெள்ளையும் கறுப்பும் செவலையும் கலந்த பூனையை ‘அபூர்வ இனம்’ என்று எழுதியிருக்கிறாய். அச்சு அசலாக அதே போல இன்னொன்று வேண்டுமானால் அந்த இனத்துக் குட்டியை எங்கே தேடுவது என்றும் கேட்டிருக்கிறாய். அது இனமும் அல்ல, அபூர்வமும் அல்ல. நிறத்தைப் பார்த்து இனம் சொல்லும் பழக்கம் படித்தவர்களிடமும் ஊறிக் கிடப்பதால் அந்த வார்த்தை கண்ணில் பட்டாலே எனக்குப் பொறுக்கவில்லை. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்தப் பூனையின் முதுகில் கறுப்பு எங்கே விழும், செவலை எங்கே விழும் என்பது அதன் மரபணுவில் எழுதப்படவே இல்லை. நீ எழுதியதற்கும் கேட்டதற்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது.

எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் உனக்குப் பாடமாகிவிட்டவை. அவற்றை மறுபடி சொல்லப்போவதில்லை. பூனையிடம் இருக்கும் நிறமி இரண்டே வகை. ஒன்று கறுப்பு, மற்றது செம்மஞ்சள். சாம்பல் என்பது நீர்த்த கறுப்பு. வெள்ளை நிறமே அல்ல, நிறமி இல்லாமை. கறுப்பை நிறுத்திச் செம்மஞ்சளை உண்டாக்கும் மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு எக்ஸ் ஒன்றுதான். ஆகவே இந்த மரபணுவைப் பொறுத்தவரை அது செவலை, அல்லது செவலை இல்லை. பெட்டைக்கு இரண்டு எக்ஸ். ஒன்று இப்படியும் மற்றது அப்படியும் இருக்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார். ஓர் ஊரில் பத்து எக்ஸில் இரண்டு இந்த மாற்றத்தைச் சுமக்கின்றன என்று வைத்துக்கொள். இணை சேர்வதில் நிறம் பார்க்காவிட்டால், கடுவன்களில் நூற்றுக்கு 20 செவலை. பெட்டைகளில் முழுச் செவலை 4தான். ஆனால் இரண்டும் கலந்தவை 32. செவலைப் பூனை பெரும்பாலும் கடுவனாக இருப்பதற்கும், கலப்பு நிறம் பெட்டைகளிடம் சாதாரணமாக இருப்பதற்கும் இந்தக் கணக்கே காரணம். நூற்றுக்கு முப்பத்திரண்டு வருவதை அபூர்வம் என்று சொல்லாதே.

கலந்தவை ஏன் பழுப்பாகக் குழம்பாமல் தனித்தனித் திட்டுகளாக நிற்கின்றன? 1949இல் கனடாவில் மரே பார், எவர்ட் பெர்ட்ராம் இருவரும் பூனையின் நரம்புச் செல்களை ஆராய்ந்தபோது, பெட்டைகளின் உட்கருவில் மட்டும் கரிய புள்ளி ஒன்று தெரிந்தது. அது சுருண்டு அடங்கிப்போன ஓர் எக்ஸ் என்பது பின்னர்தான் விளங்கியது. 1961இல் இங்கிலாந்தின் மேரி லயன், சுண்டெலிகளின் மேனி நிறத்தை வைத்து ஒரு கருத்தை முன்வைத்தார். பெண் கருவின் தொடக்க நாள்களில் ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை மூடிவிடுகிறது. எதை மூடுவது என்பது தற்செயல். ஆனால் மூடியபின் அந்தச் செல்லின் வழித்தோன்றல்கள் எல்லாம் அதே முடிவைக் காக்கின்றன. கறுப்பும் செவலையும் கலந்த பூனையையும் அவர் தம் கட்டுரையில் சான்றாகக் காட்டியிருக்கிறார். அறிவியல் கட்டுரைகளில் நான் மிகவும் மதிப்பவற்றுள் அது ஒன்று. இரண்டு பக்கத்துக்குள் அடங்கும், உன் ஆங்கிலத்துக்கு எட்டும், தேடிப் படி. ஒவ்வொரு திட்டும், கரு கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தபோது நடந்த ஒரு தேர்வின் பதிவு என்பதை அதற்குப் பிறகு நீ மறக்க மாட்டாய்.

வெள்ளை வேறு கணக்கு. நிறமிச் செல்கள் கருவின் முதுகோரத்தில் தோன்றி, பெருகிக்கொண்டே தோலெங்கும் பரவுகின்றன. கிட் என்ற மரபணுவின் சில வடிவங்கள் அவற்றைக் குறைத்துவிட்டால் வயிறும் பாதங்களும் நெஞ்சும் வெறுமையாக நின்றுவிடும். குறைவான செல்களே தோலை நிரப்ப வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றின் வாரிசுகளும் அகன்ற பரப்பைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் வெள்ளை மிகுந்த பூனையில் திட்டுகள் பெரியவை, வெள்ளை இல்லாததில் நுணுக்கமாகக் கலந்தவை. முழு வெள்ளையாகவும் நீலக்கண்ணோடும் இருக்கும் பூனைகளுக்குப் பெரும்பாலும் காது கேட்பதில்லை என்று டார்வின் எழுதியிருக்கிறார். காரணம் அவருக்குத் தெரியாது. உட்செவி இயங்குவதற்கும் அதே நிறமிச் செல்கள் தேவை என்பது பிற்காலத்து அறிவு.

இதற்கெல்லாம் நேரடிச் சான்று வேண்டும் என்பாய். 2001 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் குளோனிங் பூனை பிறந்தது. பெயர் சிசி. எந்தப் பூனையின் செல்லிலிருந்து உருவாக்கினார்களோ, அந்த ரெயின்போ ஒரு மூன்று நிறப் பூனை. சிசி பழுப்பு வரியும் வெள்ளையுமாகப் பிறந்தது. செவலை ஒரு மயிர்கூட இல்லை. எடுத்த ஒற்றைச் செல்லில் செவலைக்குரிய எக்ஸ் ஏற்கெனவே மூடியிருந்தது, குளோனிங்கில் அது திறக்கவில்லை. ‘அப்படியானால் இது குளோனிங் முறையின் குறைதானே, திறந்திருந்தால் ரெயின்போவே மறுபடி வந்திருக்குமே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திறந்திருந்தால் செவலை வந்திருக்கும். ஆனால் புதிய கருவில் தேர்வு புதிதாக நடந்து, திட்டுகள் வேறு இடங்களில் விழுந்திருக்கும். வெள்ளையின் எல்லைகளும் அப்படியே பொருந்தியிருக்காது. அச்சு அசல் எந்த வழியிலும் கிடையாது.

மூன்று நிறக் கடுவனைக் காட்டி, இரண்டு நிறத்துக்கு இரண்டு எக்ஸ் வேண்டும் என்பதை மறுப்பவர்கள் உண்டு. ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒன்று அப்படிப் பிறக்கிறது. 1956இல் புறப்பட்ட ஜப்பானிய அண்டார்க்டிகா பயணத்தில் தகேஷி என்ற அத்தகைய கடுவனை உடன் கொண்டுபோனார்கள். இது மறுப்பாகாது. அந்தக் கடுவன்களில் பலவற்றுக்கு எக்ஸ் இரண்டும் ஒய் ஒன்றும் இருக்கின்றன. இரண்டு எக்ஸ் இருப்பதால்தான் இரண்டு நிறம். அவை பெரும்பாலும் மலடு என்பதால் இனமாகப் பெருகவும் வழியில்லை. சயாமியப் பூனையை எடுத்துக்காட்டி, ‘அதற்கு நிறமே இன அடையாளம் அல்லவா’ என்று நீ கேட்பாய். அங்கும் மரபணு தருவது வெப்பத்தில் செயலிழக்கும் ஒரு நொதியை மட்டுமே. குளிர்ந்த காது, முகம், வால், பாதம் கறுக்கின்றன. வெதுவெதுப்பான உடல் வெளிறி நிற்கிறது.

உண்மையில் அபூர்வமான ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பின்லாந்தைப் பார். வேரில் கறுத்து நுனியில் வெளுக்கும் மயிர்கொண்ட பூனைகளை அங்கே 2007 முதல் கவனித்தார்கள். கிட் மரபணுவுக்கு அருகே டிஎன்ஏவில் ஒரு நீண்ட துண்டு விடுபட்டிருப்பதே காரணம் என்று 2024இல் வெளியிட்டார்கள். செவலைக்கான மாற்றமும் ஒரு விடுபடல்தான்: எக்ஸ் குரோமோசோமில் சுமார் ஐயாயிரம் எழுத்துகள் இல்லை. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் தனித்தனியே கண்டு 2025இல் அச்சேற்றினார்கள். இத்தனை காலம் தேடிய மரபணு கிடைத்துவிட்டது. அதை வரிவரியாகப் படித்தாலும் எந்தத் திட்டு எங்கே என்று சொல்ல முடியாது.

உங்கள் வீட்டு மூன்று நிறப் பெட்டை ஈனும் குட்டிகளைப் பற்றி இவ்வளவுதான் சொல்லலாம். கடுவன் குட்டிகளில் பாதி கறுப்பும் பாதி செவலையுமாக வரலாம். தகப்பன் யாராக இருந்தாலும் அது மாறாது. பெட்டைக் குட்டிகளுக்குத்தான் தகப்பன் முக்கியம். அது கறுப்பாக இருந்தால் பெட்டைகள் கறுப்பாகவோ கலப்பாகவோ பிறக்கும், செவலையாக இருந்தால் செவலையாகவோ கலப்பாகவோ பிறக்கும். அக்கம்பக்கத்தில் எந்தக் கடுவன் சுற்றுகிறது என்று பார்த்து வை. குட்டிகள் பிறந்ததும் நிறத்தையும், கடுவனா பெட்டையா என்பதையும் குறித்து அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்