43 குழுவும் கனவடிவ ஓவியமும்

மாணவர்களே! க.பொ.த. (சா/த) சித்திரப் பாடத்தில் 43 குழு பற்றி வினா வந்தால், பலர் ஓவியர்களின் பெயர்களை மட்டும் மனனஞ் செய்து எழுதிவிடுகின்றனர். அக்குழு ஏன் தோன்றியது, எதை மாற்றியது என்பதையும் விளக்கினாலே விடை முழுமை பெறும்.

1. பின்னணி

பிரித்தானியர் ஆட்சியில், 1891 இல் இலங்கைக் கலைச் சங்கம் அமைக்கப்பட்டது. காண்பதை ஒளிநிழலுடன் அப்படியே வரையும் ஐரோப்பியக் கல்விக்கூடப் பாணியே அங்கு மதிக்கப்பட்டது. எது நல்ல ஓவியம் என்பதை ஆட்சியாளரின் இரசனையே தீர்மானித்தது. சித்திரப் பாடப் பரிசோதகராக இருந்த சி.எவ். வின்சர் புதிய போக்குகளை ஊக்குவித்தார். யாழ்ப்பாணத்தில் எஸ்.ஆர். கனகசபை 1938 இல் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார்.

2. தோற்றம்

1943 ஓகஸ்ட் மாதம் கொழும்பில் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் இல்லத்தில் குழு உருவானது. ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், ரிச்சட் கேப்ரியல், மஞ்சுசிறி முதலியோர் இதில் இணைந்தனர். அவ்வாண்டு நவம்பரில் முதற் கண்காட்சி நடைபெற்றது. 1944 இல் வென்ட் காலமானார். எனினும் ஹரி பீரிஸ் செயலாளராக இருந்து குழுவைத் தொடர்ந்து நடத்தினார்.

3. கனவடிவவாதம் (கியூபிசம்)

பாரிசில் பிக்காசோ, பிராக் ஆகியோர் 1907 – 1914 காலத்தில் இதனை வளர்த்தனர். செசானின் ஓவியங்களும் ஆபிரிக்கச் சிற்பங்களும் இவர்களுக்குத் தூண்டுதலாயின. இதன் பிரதான கருத்துகள்:

(அ) பொருளைக் கேத்திரகணித வடிவங்களாகப் பிரித்தல்.
(ஆ) ஒரே பொருளைப் பல திசைகளிலிருந்து பார்த்து, ஒரே தளத்தில் காட்டுதல்.
(இ) ஆழம் இருப்பதுபோன்ற மாயத்தோற்றத்தைக் கைவிடுதல்.

இதனை விளங்கிக்கொள்ள, நமது திருகோணமலைக் கடற்கரையில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளமொன்றைப் பாருங்கள். பக்கத்தில் நின்றால் அதன் நீளம் தெரியும். முன்னால் நின்றால் அணியத்தின் கூர்மை தெரியும். கோணேசர் கோயில் மலையிலிருந்து பார்த்தால் உட்புறம் தெரியும். இம்மூன்றையும் ஒரே தாளில் இணைத்து வரைந்து பாருங்கள். கனவடிவ ஓவியரின் சிந்தனை கைவழியே புரியும்.

4. இலங்கையில் அதன் வடிவம்

ஜோர்ஜ் கீற் (1901 – 1993) கனவடிவப் பாணியின் கோடுகளையும் தளங்களையும் இந்தியச் சிற்ப மரபுடனும் இராதை – கிருஷ்ணர் கதைகளுடனும் இணைத்தார். பொரளை கோதமி விகாரையின் சுவரோவியங்களும் அவருடையவையே. மஞ்சுசிறியோ பழைய விகாரை ஓவியங்களைப் பிரதி செய்து காத்தவர். ஆகவே, "43 குழு மரபை நிராகரித்தது" என எழுதுவது தவறு. அது கைவிட்டது கல்விக்கூடப் பாணியின் கட்டுப்பாட்டையே.

5. அரூப ஓவியம்

கனவடிவ ஓவியத்தில் பொருள் உருமாறினாலும் பெரும்பாலும் அடையாளம் எஞ்சும். அரூப ஓவியத்தில் பொருளே இல்லாமற் போகலாம். நிறம், கோடு, வடிவம் ஆகியனவே பேசும். குழுவினருள் ஜோர்ஜ் கிளாசன் பிற்காலத்தில் இவ்வழியிற் சென்றார்.

6. உலக அங்கீகாரம்

குழுவின் படைப்புகள் 1952 இல் இலண்டனிலும் 1953 இல் பாரிசிலும் காட்சிப்படுத்தப்பட்டன. 1956 இல் வெனிஸ் கண்காட்சியில் தெரணியகல யுனெஸ்கோ பரிசு பெற்றார்.

நினைவிற் கொள்க: குழுவினர் அனைவருக்கும் ஒரே பாணி இருக்கவில்லை. தன் கண்ணால் பார்க்கவும் தன் வழியில் வரையவும் ஓவியனுக்கு உரிமை உண்டு என்பதே அவர்களை இணைத்தது. பரீட்சையில் உங்கள் ஆக்கத்திற்கும் இது பொருந்தும். பாட்டனார் வள்ளம் வலித்த கடலை வரைய, வேறொருவர் வரைந்த கடலைப் பிரதி செய்யத் தேவையில்லை.

மாதிரி வினா: ஜோர்ஜ் கீற் கனவடிவப் பாணியைக் கீழைத்தேய மரபுடன் இணைத்த முறையை உதாரணங்களுடன் விளக்குக.