ஒரே செயலி, இரு தாய்ப்பலகைகள்

கணிப்பொறிக் கடையில் இரண்டு தாய்ப்பலகைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஏ520 சிப்செட், மற்றொன்றில் பி550. இரண்டும் ஏ.எம்.டி. நிறுவனம் 2020இல் வெளியிட்டவை. செயலி அமரும் சாக்கெட்டு இரண்டிலும் 1331 துளைகள் கொண்ட ஏஎம்4தான். எனவே ஒரே செயலியை இரண்டிலும் பொருத்தலாம். ஆயினும் நல்லதொரு பி550 பலகையின் விலை, மலிவான ஏ520 பலகையின் விலையைப் போல் இருமடங்கு வரை போகும். கூடுதல் பணம் எதற்காக?

சாக்கெட்டின் ஓரங்களில் சிறு சதுரக் கட்டிகள் வரிசையாக நிற்பதைக் காண்பீர்கள். அவை கம்பிச்சுருள்கள். விடையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

பலகைக்கு வரும் மின்னழுத்தம் 12 வோல்ட். செயலிக்கு வேண்டியதோ ஏறத்தாழ 1.25 வோல்ட். டிரான்சிஸ்டர்கள் விநாடிக்குச் சில லட்சம் முறை திறந்து மூடி மின்சாரத்தைத் துண்டு துண்டாக அனுப்ப, சுருள்களும் மின்தேக்கிகளும் அதைச் சீராக்கித் தருகின்றன. செயலி 105 வாட் எடுப்பதாகக் கொள்வோம். 105ஐ 1.25ஆல் வகுத்தால் 84 ஆம்பியர்! உங்கள் வீட்டு 1000 வாட் இஸ்திரிப்பெட்டிகூட 5 ஆம்பியருக்குக் குறைவாகத்தான் இழுக்கிறது.

இவ்வளவு மின்னோட்டத்தையும் ஒரே பாதையில் விட முடியாது. பல கிளைகளாகப் பிரிக்கிறார்கள். மலிவான பலகையில் 4 கிளைகள் என்றால், ஒவ்வொன்றிலும் 21 ஆம்பியர். விலை கூடியதில் 8 என்றால், 10.5 ஆம்பியர். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? கிளைகளின் மின்தடை சமமானால், ஒவ்வொரு கிளையிலும் வெப்பம் கால் பங்காகிறது. கிளைகள் இருமடங்கு என்பதால் மொத்த வெப்பம் பாதியாகிறது. (திறந்து மூடுவதாலும் சிறிது இழப்பு உண்டு. அதை இங்கே விட்டுவிடுவோம்.) விலை கூடிய பலகையில் இந்த வெப்பத்தை வெளியேற்ற அலுமினியக் கட்டிகளும் இருக்கும். மலிவான பலகை அளவு மீறிச் சூடேறினால், செயலியின் வேகம் தானாகவே குறைக்கப்பட்டுவிடும்.

ஆனால் சுருள்களை எண்ணி மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அவற்றுள் சில, செயலியின் வேறு பகுதிகளுக்கு மின்சாரம் தருபவை.

மற்ற வேறுபாடுகளும் உண்டு. ஏற்ற செயலி இருந்தால், பி550 பலகையின் முதன்மைச் சேமிப்பு இணைப்பில் விநாடிக்கு ஏறக்குறைய 8 கிகாபைட் செல்லும், ஏ520இல் 4. செயலியை அதன் வரையறைக்கு மேல் விரைவுபடுத்தும் வசதியும் பி550இல்தான். பாடம் படிக்கவும் நிரல் எழுதவும் இவ்விரண்டும் தேவையே இல்லை என்பது என் கருத்து.

சரி, உங்கள் செயலி 65 வாட் மட்டுமே எடுப்பது என்றால்? மின்னோட்டம் 52 ஆம்பியர். நான்கு கிளைகளில் தலைக்கு 13. இப்போது வெப்பம், முன்பு 21 ஆம்பியரில் தோன்றியதில் நூற்றுக்கு 38 பங்குதான். இதற்கு மலிவான பலகையே தாராளமாகப் போதும்; மிச்சப் பணத்துக்கு நினைவகத்தைக் கூட்டி வாங்குங்கள்.