காது மந்தமான தூதன்

இந்தப் பாடத்திலே ஒரு இயந்திரத்தைப் பற்றி உங்களோடு பேசப் போகிறேன். அதன் பெயர் வாயேஜர் 2. ஆள் ஏறாத விண்கலம். 1977 ஆகஸ்ட் 20ஆம் தேதி அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து ஏவப்பட்டது. 1986 ஜனவரி 24ஆம் தேதி யுரேனஸ் கிரகத்தின் மேகங்களுக்கு மேலே சுமார் 81,500 கிலோமீட்டர் தூரத்தில் கடந்துபோனது. சனிக்கு இருப்பதுபோல யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு. ஆனால் அவை ஒடுக்கமானவை, கரிபோலக் கறுத்தவை. அந்தக் கிரகத்தின் பக்கத்திலே போன கலம் இன்றுவரை இது ஒன்றுதான்.

அது எப்படிப் போனது தெரியுமா? பழுதோடே போனது. மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, அதன் காது மந்தம். 1978 ஏப்ரலிலே, பூமியில் இருந்தவர்கள் வேறு வேலை மும்முரத்தில், அனுப்ப வேண்டிய கட்டளையை அனுப்பாமல் விட்டுவிட்டார்கள். "நம்ம ரிசீவர்தான் கெட்டுப்போச்சு போல" என்று எடுத்துக்கொண்டு கலம் மாற்று ரிசீவருக்கு மாறியது. அதிலோ ஏற்கெனவே ஒரு பாகம் பழுது. சில மணி நேரம் கழித்துப் பழைய ரிசீவர் திரும்ப வந்தது. வந்த வேகத்திலே அடியோடு செத்துப்போனது. மிஞ்சியது குறையுள்ளது மட்டுமே.

ரேடியோவிலே ஸ்டேஷன் கொஞ்சம் நகர்ந்தால் நாம் குமிழைத் திருப்பிப் பிடிக்கிறோம் அல்லவா? அப்படித் தானாகப் பிடிக்கும் திறன்தான் அதற்குப் போய்விட்டது. கலத்தின் சூடு கொஞ்சம் மாறினாலும் அது கேட்கும் அலைவரிசை நகர்ந்துவிடும். பூமி சுழல்வதாலும் அலை மாறும். என்ன செய்தார்கள்? அது நம்மிடத்துக்கு வர முடியாது, நாமே அதனிடத்துக்குப் போவோம் என்று தீர்மானித்தார்கள். இந்த நேரத்தில் அதற்கு எந்த அலைவரிசை கேட்கும் என்று ஒவ்வொரு தரமும் கணக்குப் பார்த்து, அதிலேயே பேசினார்கள்.

இரண்டாவது, அதன் கழுத்து பிடித்துக்கொண்டது. 1981 ஆகஸ்டிலே சனியைக் கடந்த சற்று நேரத்தில், கேமராவைத் திருப்பும் மேடை சிக்கி நின்றது. சில படங்கள் போயே போச்சு. அதேபோன்ற கருவிகளைப் பூமியிலே ஓட்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: வேகமாகத் திருப்பியதால் உராயும் இடத்தில் மசகு வற்றிவிட்டது. ஆகையால் யுரேனஸிலே மெதுவாகவே திருப்பினார்கள்.

மூன்றாவது, வெளிச்சம் போதவில்லை. யுரேனஸ் சூரியனிலிருந்து பூமியைவிட 19 மடங்கு தூரம். அங்கே வெயில் நமக்குக் கிடைப்பதில் 360இல் ஒரு பங்குகூட இல்லை. கேமரா அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து எடுத்தால் படம் கலங்குமே, அப்படிக் கலங்கும். அதனால் படம் எடுக்கும்போது கலம் முழுவதையுமே நைசாகத் திருப்பினார்கள். ரிப்பேர்காரர் யாரும் அங்கே போகவில்லை. எல்லாம் அந்த மந்தக் காதுக்கு ரேடியோவிலே சொல்லிக்கொடுத்ததுதான்.

பலன் என்ன? சுமார் 300 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, 2 மணி 45 நிமிஷம் பிரயாணம் பண்ணிச் செய்தி வந்து சேர்ந்தது. முன்பு தெரிந்த சந்திரன்கள் 5. புதிதாக 10 கிடைத்தன. தெரிந்த வளையங்கள் 9. இன்னும் 2 கிடைத்தன. 500 கிலோமீட்டர்கூட அகலமில்லாத மிராண்டா என்ற சந்திரனிலே பிரம்மாண்டமான செங்குத்துப் பாறைகள் தெரிந்தன.

அந்தக் காது கடைசிவரை குணமாகவில்லை. அப்படியே 1989இல் நெப்டியூனையும் கடந்தது. 2018இல் சூரியக் காற்றின் எல்லையையும் தாண்டியது.

அருமையானவர்களே, சற்று யோசித்துப் பாருங்கள். நம்ம வீட்டிலே காது கேளாத தாத்தா இருக்கிறார். நாலு தரம் சொன்னால்தான் புரியும் பிள்ளை இருக்கிறது. ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "இதுகிட்டே பேசிப் பிரயோஜனமில்லை" என்று எத்தனை சீக்கிரம் எழுந்துவிடுகிறோம்! முகத்துக்கு நேரே உட்கார்ந்து, நிதானமாய், அவர்களுக்கு எட்டுகிற குரலிலே பேசிப் பார்த்தோமா? கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு இயந்திரத்துக்காக, ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டு அலைவரிசையை மாற்றிக்கொண்டார்கள். பக்கத்து அறையில் இருக்கிறவருக்காக நாம் குரலை மாற்றக் கூடாதா? இன்று இராத்திரி சாப்பாட்டு வேளையிலே ஆரம்பியுங்கள்.